வழிமொழிய ஒருவர்

தாடையில் பாகு வழிகிறது. சொல்லப் போவதில்லை. கழுத்து வரைக்கும் இறங்கட்டும். சட்டைக் காலரில் ஒட்டட்டும். அப்படியே காரில் ஏறி வீட்டுக்குப் போய் நிற்கட்டும், அவன் பெண்டாட்டி பார்த்துச் சிரிக்கட்டும்.

கிளெண்டா காப்பிக் கோப்பையைப் பார்த்தபடி இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். எதிரே அவள் தம்பி கர்ட்டிஸ், அடுக்கி வைத்த பேன்கேக்கை முள்கரண்டியால் நான்காக அறுத்து, ஒவ்வொரு துண்டையும் மேப்பிள் பாகில் முக்கி வாயில் திணித்துக்கொண்டிருந்தான். ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்ணுக்கு, தம்பியின் தாடை ஒழுகுவதைப் பார்த்து மனசு குளிர்கிறது என்றால் அந்த மனசு எந்த நிலைக்கு வந்திருக்க வேண்டும் என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. ஆனாலும் குளிர்ந்தது. அதை அவள் மறுக்கவில்லை.

கர்ட்டிஸ் கரண்டியை எடுத்துக் கண்ணாடி டம்ளரில் டிங் டிங் என்று தட்டினான்.

"கூட்டம் ஆரம்பம். மொத்த உறுப்பினர் ரெண்டு பேர். ரெண்டு பேரும் வந்தாச்சு. கூட்டம் நடத்த வேண்டிய அளவுக்கு ஆள் இருக்கு, அதாவது கோரம் இருக்கு."

கோரம் இருந்தது. அந்தச் சொல்லுக்கு எத்தனை அர்த்தம் உண்டோ அத்தனையிலும் இருந்தது.

சேக்ரமெண்டோ நெடுஞ்சாலையை ஒட்டிய இந்தப் பேன்கேக் கடையில்தான் அவர்களுடைய கம்பெனி வருஷா வருஷம் பொதுக்கூட்டம் போடுகிறது. ஜனவரியில் ஏதாவதொரு சனிக்கிழமை காலை, ஜன்னல் ஓரத்துச் சிவப்பு இருக்கை. கம்பெனி என்றால் கர்ட்டிஸும் கிளெண்டாவும்தான். அதன் சொத்து ஒரே ஒரு வீடு. அந்த வீடு ஒஹாயோவில் டொலீடோ என்கிற ஊரில் இருந்தது. கம்பெனியைப் பதிவு செய்தது வயோமிங்கில், அங்கே முதலாளி யார் என்று ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை என்பதற்காக. இரண்டு பேரும் வயோமிங்கில் கால் வைத்ததில்லை. "வயோமிங்ல பொறந்து, ஒஹாயோல வீடு வாங்கி, கலிபோர்னியால உக்காந்து தின்னுற ஒரு ஆளு" என்று கிளெண்டா ஆரம்பத்தில் கேலி செய்ததுண்டு. அப்போது இருவரும் சேர்ந்து சிரிப்பார்கள்.

யோசனை எல்லாம் கர்ட்டிஸுடையது. விமான நிலையத்துப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் நடந்த இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்விட்டு, கண் மின்ன வந்து நின்றான். கலிபோர்னியாவில் ஒரு கார் ஷெட் வாங்கும் பணத்துக்கு ஒஹாயோவில் தோட்டத்தோடு வீடு கிடைக்கும் என்றான். "வீடு உன் பேர்ல இருந்தா, வர்ற வம்பு உன் தலையில விழும். கம்பெனி பேர்ல இருந்தா கம்பெனி தலையில விழும். கம்பெனிக்குத் தலையே கிடையாது கிளெண்டா!" விவாகரத்தில் அவளுக்கு வந்திருந்த பங்கு அப்போது வங்கியில் சும்மா கிடந்தது. அவளும் சும்மாதான் கிடந்தாள். கொடுத்தாள்.

கம்பெனியின் பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்து வரும், எல்.எல்.சி. பொறுப்புக்கு ஓர் எல்லை உண்டு என்று அதற்கு அர்த்தம். கர்ட்டிஸ் விளக்கிச் சொன்னபோது கிளெண்டாவுக்கு நெஞ்சில் ஏதோ இளகியது. பதினாறு வயதில் அம்மாவின் மாத்திரைகளை எண்ணிக் கொடுக்க ஆரம்பித்தவள். தம்பி மோதி நசுக்கிய கார்களைச் சரி செய்ய ஆள் பிடித்தவள். கணவன் போன பிறகு அவன் நாயைக்கூட வைத்துப் பார்த்தவள். பல் மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்து, டாக்டர் செய்யும் தவறுகளுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்பது அவள் பிழைப்பு. பொறுப்புக்கு எல்லை போட்டுத் தருகிற ஒரு காகிதம் உலகத்தில் இருக்கிறது என்பது அவளுக்கு அதுவரை யாரும் சொல்லாத செய்தி.

காகிதம் மட்டும் போதாது, கம்பெனி மாதிரி நடந்துகொள்ளவும் வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். இல்லாவிட்டால் என்றைக்காவது ஒரு நீதிபதி, இது வெறும் திரை என்று கிழித்துப் போட்டு, பின்னால் நிற்கிற ஆளைக் காதைப் பிடித்து வெளியே இழுத்துவிடுவார். அதனால்தான் இந்தக் கூட்டம். அதனால்தான் ஒருவர் முன்மொழிவதும் மற்றவர் வழிமொழிவதும். வழிமொழிய ஆள் இல்லையென்றால் தீர்மானம் விவாதத்துக்கே வராது. முதல் வருஷம் கர்ட்டிஸ், "இன்னொரு தட்டு பேக்கன் வாங்கலாம்னு முன்மொழியறேன்" என்றான். கிளெண்டா வலது கையைத் தூக்கி, "வழிமொழியறேன்" என்றாள். பக்கத்து மேஜைக் குழந்தைகூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

இந்த வருஷம் யாரும் சிரிக்கும் நிலையில் இல்லை.

"திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு உன் சாட்சியம்," என்றான் கர்ட்டிஸ். "கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா போதும். அந்தப் பக்கத்து வக்கீல் கேப்பான், நீ சத்தியம் பண்ணிட்டுப் பதில் சொல்லணும். என்ன சொல்லப் போற?"

"என்ன கேக்குறாங்களோ அதுக்குப் பதில்."

"பாத்தியா, ஆரம்பிச்சிட்ட. மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு வந்தப்பவே நெனச்சேன்."

"என் மூஞ்சி எப்பவும் இதுதான். உன் மூஞ்சியத் தொடச்சுக்கோ."

சொல்லிவிட்டாள். சொல்வதில்லை என்று இருந்தவள்தான். அவன் காகிதக் கைக்குட்டையால் தாடையைத் துடைத்துக்கொண்டான். இத்தனை வருஷப் பழக்கம், நினைப்பதற்கு முன் வாய் அவனுக்காக வேலை செய்துவிடுகிறது. அந்த எரிச்சலில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டொலீடோவில் வீட்டைப் பார்த்துக்கொண்ட ஏஜெண்ட் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போனது போன வருஷத்துக்கு முந்திய இலையுதிர் காலத்தில். யாராவது போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. கர்ட்டிஸுக்கு முதுகு வலி. கிளெண்டாவுக்கு விடுப்பு பாக்கி இருந்தது. விமானம் ஏறுவதற்கு முன் அவன் அவளுக்குப் பாடம் நடத்தினான்.

"ஓனர்னு மட்டும் வாயத் தொறந்துடாத. ஓனர்னு தெரிஞ்சா கண்ணக் கசக்குவாங்க, புருஷன் கதை சொல்லுவாங்க, நீயும் உருகிடுவ. 'நான் சும்மா வேலை பாக்குறவ, கம்பெனிகிட்ட கேட்டுச் சொல்றேன்' அவ்வளவுதான். எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க."

அந்த வீட்டில் வெர்னீஸ் டாலிவர் என்ற அம்மாள் குடியிருந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, அறுபது வயதைத் தொட்டிருந்தாள், தனியாள். கதவைத் திறந்ததும், "கம்பெனிலேர்ந்தா? இத்தன வருஷத்துல ஒரு மனுஷ முகத்த அனுப்பியிருக்காங்களே!" என்று சொல்லி உள்ளே அழைத்தாள். சக்கரைவள்ளிக் கிழங்கு வைத்துச் சுட்ட பை என்கிற இனிப்புப் பண்டத்தை வெட்டித் தட்டில் வைத்தாள். பேர் கேட்டாள், ஃபோன் நம்பரையும் எழுதி வாங்கிக்கொண்டாள். அப்புறம் அந்த ஊர் வழக்கப்படி, "மிஸ் கிளெண்டா" என்றே கூப்பிட்டாள்.

பின்வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், சந்தில் இருக்கிற குப்பைத் தொட்டிக்கு இறங்குகிற மரப்படிகளைக் காட்டினாள்.

"இந்தக் கைப்பிடியில கை வச்சுப் பாருங்க. நான் சொன்னா நம்ப மாட்டீங்க. நீங்களே வச்சுப் பாருங்க."

கிளெண்டா கை வைத்தாள். கைப்பிடி, விழக் காத்திருக்கும் பால்பல் போல் வெளிப்பக்கம் சாய்ந்து, திரும்பி வந்தது. கட்டையின் அடி உளுத்துக் கறுத்திருந்தது. உள்ளங்கையில் ஈரமான மரத்தூள் ஒட்டியது.

"கம்பெனிகிட்ட சொல்றேன், மிஸஸ் டாலிவர்."

"அந்தக் கம்பெனிக்குக் காலுன்னு ஒண்ணு இருக்கா? இருந்தா ஒரு தடவ இந்தப் படியில இறங்கிப் பாக்கச் சொல்லுங்க. பனிக்காலத்துல, கையில குப்பை மூட்டையோட."

"நான் வேலை பாக்குறவதானே. மேல இருக்கவங்க சரின்னு சொன்னாத்தான்..."

"அய்யோ, உங்களச் சொல்லலம்மா." வெர்னீஸ் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தாள். "எனக்குத் தெரியாதா? எங்க ஸ்கூல்லயும் அப்படித்தான். நம்மள மாதிரி ஆளுங்க சொல்லி எவன் கேக்குறான்?"

நம்மள மாதிரி.

விமானத்தில் திரும்பும்போது கிளெண்டா அந்தச் சொல்லைத்தான் நாக்கில் போட்டுச் சப்பிக்கொண்டு வந்தாள். பொய் சொன்ன உறுத்தல் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. ஒரு மணி நேரம் அவள் யாருக்கும் சொந்தக்காரி இல்லை, எதற்கும் பொறுப்பில்லை. மேலே எங்கோ முகமில்லாத ஒருவன் இருந்தான், அவனை இரண்டு பெண்கள் சேர்ந்து திட்டினார்கள். திட்டுகிற பக்கம் நிற்பதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அந்தச் சுகம் இரவலாக வாங்கியது என்பதைக்கூட அவள் அறிந்தே இருந்தாள். அறிந்தும் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஆனால் சொன்னாள். தம்பியிடம் சொல்லாமல் இல்லை. போன ஜனவரியில், இதே இருக்கையில், "டொலீடோ வீட்டுப் பின்வாசல் கைப்பிடிய மாத்தணும். முன்மொழியறேன்" என்றாள்.

கர்ட்டிஸ் கரண்டியால் டம்ளரைத் தட்டினான். "உறுப்பினர் கிளெண்டா கைப்பிடிய மாத்தச் சொல்லி முன்மொழியறாங்க. வழிமொழியறவங்க யாராவது?" இடது பக்கம் பார்த்தான். வலது பக்கம் பார்த்தான். குனிந்து மேஜைக்கு அடியில் தேடினான். நிமிர்ந்து உதட்டைப் பிதுக்கினான். "யாருமே இல்லையேப்பா. தீர்மானம் செத்துப்போச்சு. ஆண்டவன் அதோட ஆத்மாவுக்குச் சாந்தி கொடுக்கட்டும்."

பரிமாறும் பெண் லூப்பே காப்பிக் குடுவையோடு நின்றவள் பக்கென்று சிரித்துவிட்டாள்.

கிளெண்டாவும் சிரித்தாள். நிஜமாகவே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று கர்ட்டிஸ் சொன்னான், அவளும் தலையாட்டினாள்.

வசந்தத்துக்கு முன்பே, மார்ச் மாதப் பனியில், வெர்னீஸ் குப்பை மூட்டையோடு அந்தப் படியில் வழுக்கினாள். பிடித்த கைப்பிடி அவளோடு சேர்ந்தே வந்துவிட்டது. இடுப்பெலும்பு முறிந்தது. இரண்டு முறை அறுத்தார்கள். இனி பள்ளிச் சமையலறையில் நின்று வேலை செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது அவள் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு நடை பழகுகிறாள். வழக்கு கம்பெனியின் மேல்.

காப்பீடு இருந்தது. அதுதான் கதையிலேயே பெரிய கோமாளித்தனம். வீட்டைக் கம்பெனி பேருக்கு மாற்றிய கர்ட்டிஸ், காப்பீட்டைத் தன் பேரிலேயே விட்டுவிட்டான். உங்கள் பேரில் இருக்கிற பாலிசி உங்களுக்குச் சொந்தமில்லாத வீட்டுக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்டுக் காப்பீட்டுக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். தலையில்லாத ஆளுக்கு எவன் காப்பீடு கொடுப்பான்? இப்படி எல்லாவற்றையும் மறைத்த திரை, காக்க வந்தவனையும் மறைத்துவிட்டது.

"கேளு," என்றான் கர்ட்டிஸ். தட்டைத் தள்ளி வைத்தான். "அந்தப் பொம்பள உன்கிட்ட கைப்பிடியப் பத்திச் சொல்லும்போது பக்கத்துல யாரு இருந்தா?"

"யாரும் இல்ல."

"எழுதிக் கொடுத்தாளா? ஃபோட்டோ அனுப்பினாளா?"

"இல்ல. கைய வச்சுப் பாருங்கன்னா. வச்சேன்."

"அதத்தான் சொல்றேன்! அவ வாய்ச்சொல், உன் வாய்ச்சொல். நீ போன, பை சாப்பிட்ட, குழாய் ஒழுகுதான்னு பாத்த, வந்துட்ட. கைப்பிடிப் பேச்சே எடுக்கல. ஒரு வரி, கிளெண்டா. ஒரே ஒரு வரி."

"அப்ப அந்தம்மா பொய் சொல்றாங்கன்னு ஆகும்."

"வயசானவ, விழுந்து அடிபட்டவ, மருந்து மயக்கம். பொய்யின்னு யாரு சொன்னா? மறந்துட்டான்னு சொல்லு. நீயே மறந்துட்டேன்னு வேணாலும் சொல்லு."

"மறக்கலையே."

"இதென்ன பள்ளிக்கூடமா, நல்ல பிள்ளைக்கு நட்சத்திரம் ஒட்டுறதுக்கு?" அவன் குரல் உயர்ந்தது. அடுத்த மேஜையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். கர்ட்டிஸ் முன்னால் சாய்ந்து குரலைத் தாழ்த்தினான். "நம்ம வக்கீல் சொன்னது உன் காதுல விழுந்துச்சா இல்லையா? கம்பெனி போட்ட கடனுக்குத்தான் கம்பெனி கவசம். ஒரு ஆளு, தானே கண்ணால பாத்து, தானே தெரிஞ்சுக்கிட்டு, சும்மா விட்டான்னா அவன் தனியா மாட்டுவான். யாரு கை வச்சது? நானா? நான் அந்த வீட்ட இன்னிக்கு வரைக்கும் நேர்ல பாத்தது கிடையாது. அந்த ஊர் பக்கமே போனதில்ல. நீ வாயத் தொறந்தா போறது உன் வீடு. கார்மைக்கேல்ல இருக்கிற உன் வீடு. உனக்காகத்தான் சொல்றேன்."

"எனக்காக."

"பின்ன?"

அவனுக்கு முதுகு வலி என்று ஏன் நம்பினோம் என்று கிளெண்டா யோசித்தாள். அதே மாதம்தானே அவன் தஹோ ஏரியில் பனிச்சறுக்குக்குப் போக விடுதி முன்பதிவு செய்துகொண்டிருந்தான்? இல்லை, அப்படி அவ்வளவு தூரம் திட்டம் போடுகிறவன் இல்லை அவன். அவனுக்குத் திட்டமே வேண்டியதில்லை. அவள் இருக்கும்போது அவனுக்கு எதற்குத் திட்டம்? எந்தக் காரியத்திலும் கை வைக்க ஒருத்தி தேவை, அந்த ஒருத்தி எப்போதும் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். அவன் பொறுப்புக்கு எல்லை போட்டுக் கொடுத்தது காகிதம் இல்லை. அவன் பிறந்தபோதே அதைப் போட்டுக் கொடுத்தாகிவிட்டது, அந்த எல்லைக்கு அவள் பெயர்.

அவளுக்கு வீட்டை நினைத்துப் பயம் இல்லாமல் இல்லை. கார்மைக்கேல் வீட்டின் சமையலறை ஜன்னலும், கடன் முடிந்த அன்று அவளே நட்ட எலுமிச்சையும் கண் முன் வந்தன. பயத்தை விரட்ட அவள் முயலவில்லை. அது பாட்டுக்குப் பக்கத்தில் உட்காரட்டும் என்று இடம் விட்டாள்.

"இன்னொன்னு இருக்கு," கர்ட்டிஸ் இப்போது சிரித்தான். "நீயே எனக்குச் சொன்னியே, அந்தப் பொம்பள உன்ன வேலைக்காரின்னு நம்பி உன் ஃபோன்ல பேசி வச்சிருந்தாள்னு. அதப் போட்டுக் காமி."

"அழிச்சிட்டேன்."

"பொய். உனக்கு அழிக்கவே வராது."

அழிக்கவில்லைதான். நவம்பரில் வந்த அந்தக் குரலுக்கு அவள் திருப்பிக் கூப்பிடவில்லை, ஆனால் பல முறை கேட்டுவிட்டாள். கேட்கும்போதெல்லாம் காரை எங்காவது ஓரம் கட்டி நிறுத்த வேண்டியிருந்தது. இப்போது மனசுக்குள் தானாகவே ஓடியது. பின்னணியில் இல்லத்துத் தொலைக்காட்சிச் சத்தம், அதற்கு மேல் வெர்னீஸின் கரகரத்த குரல்:

"மிஸ் கிளெண்டா, நான்தான், டொலீடோலேர்ந்து. கூப்பிடக் கூடாதுன்னு என் வக்கீல் சொல்றாரு, அதனால நான் கூப்பிட்டேன்னு யார்கிட்டயும் சொல்லிக்காதீங்க. அந்தக் கம்பெனியே நீங்கதான்னு அவரு சொல்றாரும்மா. உங்க பேரு, உங்க தம்பி பேரு, ரெண்டுதானாம். நான் நல்லா சண்ட போட்டுட்டேன். அந்தம்மா வேலைக்காரி, என்னைய மாதிரி, என் சமையக்கட்டுல உக்காந்து சாப்பிட்டவங்கன்னு சொன்னேன். பெரிய எடத்து ஆளுங்க பேர மறைக்க இந்த மாதிரி வேலை பாக்குறவங்க பேரப் போட்டுருவாங்க, நான் கேள்விப்பட்டிருக்கேன். அதத்தான் சொல்லக் கூப்பிட்டேன். நீங்க சூதானமா இருங்க. எல்லாத்தையும் உங்க தலையில கட்டிட்டுப் போயிடுவானுங்க."

முதல் தடவை கேட்டபோது கிளெண்டாவுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார் இவளை நம்பச் சொன்னது? ஒரு துண்டு பை கொடுத்துவிட்டு, இடுப்பு ஒடிந்து கிடக்கிற இடத்திலிருந்து இவ்வளவு நம்பிக்கையை அனுப்பி வைக்க இவளுக்கு என்ன உரிமை? கொஞ்சம் கெட்டவளாக இருந்திருக்கக் கூடாதா? காசு பறிக்க வந்தவளாக இருந்திருந்தால் அந்த ஒரு வரி எவ்வளவு சுலபமாக வாயில் வந்திருக்கும்! பல நாள் அவள் வெர்னீஸை வெறுத்தாள். முழு மனசோடு, நியாயமே இல்லாமல். அந்த வெறுப்பும் எங்கும் போய் நிற்க இடமில்லாமல் கடைசியில் அவளிடமே திரும்பி வந்தது.

"அவளே சொல்றா நீ வேலைக்காரின்னு!" கர்ட்டிஸ் மேஜையைத் தட்டினான். "தங்கமா வந்து மடியில விழுந்திருக்கு. அப்படியே புடிச்சுக்கோ. நீ பேருக்குத்தான் உறுப்பினர், உனக்கு ஒண்ணும் தெரியாது, யாரும் உன்கிட்ட எதையும் சொல்லல. உன் மேல அவளுக்கு அவ்வளவு பாசம்னா, அவளே உன்ன விட்டுருவா."

"அவங்களுக்கு என்ன கிடைக்கும்?"

"யாருக்கு?"

"மிஸஸ் டாலிவருக்கு."

"எனக்கென்ன தெரியும்? அரசாங்கம் பாத்துக்கும். சர்ச்சுல வசூல் பண்ணுவாங்க. அந்தப் பக்கத்து ஜனங்க ஒருத்தருக்கொருத்தர் பாத்துக்குவாங்க. நாம என்ன அவ கால வாரியா விட்டோம்?"

கிளெண்டா தன் வலது உள்ளங்கையைத் திருப்பி மேஜைமேல் வைத்தாள். அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த ஈரத் தூள் இன்னும் ரேகைகளுக்குள் இருப்பதுபோல் அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. கைப்பிடி சாய்ந்து திரும்பி வந்த அந்த அசைவு, முழங்கை வரை நன்றாக நினைவிருந்தது. மறந்துவிட்டேன் என்று வாய் சொல்லலாம். இந்தக் கையை என்ன செய்வது?

"போன வருஷம் இங்கதான் சொன்னேன் உன்கிட்ட," என்றாள் அவள். "கைப்பிடிய மாத்தணும்னு."

"சொன்னியா?"

"மேஜைக்கு அடியில எல்லாம் தேடுன."

கர்ட்டிஸின் முகம் ஒரு கணம் வெற்றாக இருந்தது. நடிப்பில்லை. அவனுக்கு உண்மையிலேயே நினைவில்லை. அந்தச் சிரிப்பு அவனுக்கு ஒரு சனிக்கிழமைச் சிரிப்பு, அவ்வளவுதான். பாகைப் போல் துடைத்துப் போட்டுவிட்டான். கிளெண்டாவுக்கு அது அடித்ததைவிட வலித்தது. குற்றத்தைப் பங்கு போட்டுக்கொள்ளவாவது ஒருவன் இருக்கிறான் என்று இத்தனை மாதம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் தமாஷு," என்றான் அவன் கடைசியில். "தமாஷ யாரு கணக்குல எடுப்பா? இங்க பாரு, கிளெண்டா. அம்மா சாகுறப்ப உன்கிட்ட என்ன சொன்னாங்க? கர்ட்டிஸப் பாத்துக்கன்னாங்களா இல்லையா? எனக்கு ரெண்டு பசங்க இருக்காங்க. உனக்கு என்ன, ஒரு எலுமிச்சை மரம். நீ மாட்டுனா அதோட நிக்குமா? என்னையும் இழுத்து விடுவாங்க. கம்பெனியக் கிழிப்பாங்க. எல்லாம் போச்சு."

சற்று முன்தான் தனக்கு எதுவும் ஆகாது என்று சொன்ன வாய். இப்போதுதான் உண்மை வெளியே வந்தது. அவளுக்கு ஏனோ இலேசாகச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"எனக்காகத்தான் சொல்றேன்னியே?"

"நமக்காக! நமக்காகன்னு வச்சுக்கோ. வார்த்தையப் புடிச்சுத் தொங்காத."

லூப்பே காப்பிக் குடுவையோடு வந்து நின்றாள். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா கண்ணு?" என்று கிளெண்டாவைக் கேட்டாள். கிளெண்டா கோப்பையின் வாயைக் கையால் மூடினாள். "என்ன, இந்த வருஷம் கூட்டம் ரொம்ப சீரியஸா?" என்று லூப்பே கர்ட்டிஸைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

"இவங்க எதிர்க்கட்சி ஆயிட்டாங்க," என்றான் கர்ட்டிஸ் பல்லைக் காட்டி.

லூப்பே போனதும் பல்லை மூடினான். கரண்டியை எடுத்தான். டிங் டிங் என்று தட்டினான். அவனுக்கு வேறு வழி தெரியவில்லை போலும். கெஞ்சிப் பார்த்தான், மிரட்டிப் பார்த்தான், இனி விளையாட்டு ஒன்றுதான் மிச்சம். அந்த விளையாட்டில் அக்கா என்றைக்கும் அவனைக் கைவிட்டதில்லை.

"சரி. முறைப்படியே போவோம்," என்றான். "திங்கக்கிழமை சாட்சியத்துல உறுப்பினர் கிளெண்டா, கைப்பிடிய யாரும் தன்கிட்ட காட்டல, அதப் பத்திப் பேச்சே வரலன்னு சொல்லணும். முன்மொழியறேன்."

கரண்டி அந்தரத்தில் நின்றது. செய்தித்தாள்காரர் பக்கம் புரட்டினார். உள்ளே அடுப்பில் எதையோ தட்டிப் போடும் சத்தம் கேட்டது.

"வழிமொழியறவங்க?"

அவன் முகத்தில் பாகு இல்லை இப்போது, சுத்தமாக இருந்தது. காய்ச்சல் வந்தால் இதே முகத்தைத்தான் அவள் ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். அந்த நினைவு வரும் என்று அவளுக்குத் தெரியும், வந்தது, இருந்தது. அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை.

"கிளெண்டா." அவன் குரலில் விளையாட்டு போய்விட்டிருந்தது. "ஒரு வார்த்தை. வலது கையைத் தூக்கு. என் முகத்தப் பாத்துச் சொல்லு."

வலது கை மேஜைமேல் மல்லாந்தே கிடந்தது. அவள் அவன் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள், லூப்பேவுக்குக்கூடக் கேட்காத குரலில்.

"வழிமொழிய யாரும் இல்ல, கர்ட்டிஸ்."